சுமக்கும் தாயைத் தாங்குவார் யார்?

சாரல் தொடங்கிவிட்டால் தென்காசியிலிருந்து குற்றாலம் செல்லும் சாலையில் ஜனங்களுக்குக் குறைவில்லை. ஆனி, ஆடி, ஆவணி ஆகிய மாதங்களில் பேரருவியிலும் ஐந்தருவியிலும் பழைய அருவியிலும் தலையைக் கொடுத்து நிற்பதற்கென்று தூரதேசங்களிலிருந்தெல்லாம் வருகிறார்கள். மூலிகைக் காட்டின் வழியே இறங்கி வரும் தண்ணீர் என்று அதற்கு நெடுநாளாக ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை நம்பி வருகிறவர்களில் ஒரு சாராரைப் பற்றியே இன்று எழுதுகிறோம். நடக்க மாட்டாத பிள்ளையை இடுப்பிலும் தோளிலும் சுமந்து வரும் தாய்மார்களே அவர்கள். பிள்ளைக்கு வயது ஐந்தும் இருக்கலாம், பதினைந்தும் இருக்கலாம். வழுக்கும் கல்லில் காலை ஊன்றி, ஒரு கையால் பிள்ளையின் தலையைத் தாங்கி, மறு கையால் நீரை அள்ளி அதன் கால்களில் வார்க்கும் தாயைக் குற்றாலம் சென்ற பலரும் பார்த்திருப்பார்கள். பார்த்து, 'ஐயோ பாவம்' என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போயிருப்பார்கள்.

அந்த இரக்கம் பிள்ளையின்மேல் பிறந்த இரக்கம். அது நியாயமானதே. ஆனால் பிள்ளையைத் தாங்கி நிற்கும் உடம்பைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அவளுக்கு முதுகு வலிக்கிறதா, இரவில் எத்தனை மணி நேரம் உறங்கினாள், கடைசியாக எப்பொழுது வைத்தியரிடம் தன் உடம்பைக் காட்டினாள் என்ற கேள்விகள் நம்மிடையே எழுவதே இல்லை. தாயைத் தெய்வமென்று போற்றுவதில் நமக்கு நிகரானவர் உலகில் இல்லை. தெய்வத்துக்கு முதுகு வலிக்காது என்பதுதான் இந்தப் போற்றுதலில் நாம் கண்டுகொண்ட சௌகரியம்.

ஒரு நாளின் கணக்கு

பிறப்பதற்கு முன்போ, பிறக்கும்போதோ, பிறந்த சில காலத்துக்குள்ளோ மூளைக்கு நேரும் சேதத்தினால் கை கால்களின் அசைவு கெடுவதை மூளை முடக்குவாதம் என்கிறோம். குறைமாதப் பிரசவம், பிரசவ நேரத்தில் மூச்சுத் திணறல், கவனியாது விட்ட கடும் மஞ்சள்காமாலை, மூளையைத் தாக்கும் ஜுரம் ஆகியவை இதற்குக் காரணங்களாகலாம். மூளையில் நேர்ந்த சேதம் வளர்வதில்லை, பிள்ளைதான் வளர்கிறது. இதில்தான் தாயின் கஷ்டம் அடங்கியிருக்கிறது. எட்டுக் கிலோ எடையுள்ள குழந்தையைத் தூக்கிக் குளிப்பாட்டுவது எந்தத் தாய்க்கும் இயல்பான வேலை. அதே பிள்ளை முப்பது கிலோ எடையாகும்போதும் தூக்க வேண்டியவள் அவளே. அதற்குள் அவளுக்கு வயது பத்துப் பன்னிரண்டு கூடியிருக்கிறது.

விறைத்த கால்களை நீவி மடக்கப் பழக்க வேண்டும். விழுங்கத் தெரியாத பிள்ளைக்கு ஒரு வேளைச் சோறு ஊட்ட முக்கால் மணி நேரமும் ஆகலாம். மல ஜலத்துக்குத் தூக்க வேண்டும். துணி மாற்ற வேண்டும். புண் வராமல் இரவில் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். வலிப்பு வரக்கூடிய பிள்ளையாயின் இரவும் அவளுக்கு இரவாக இருப்பதில்லை. இவ்வளவும் செய்து, புருஷனுக்கு வேலைக்குப் போகும் வேளையில் சோறும், மற்றப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட நேரத்தில் தலைவாரலும், மாமியாருக்கு வேளா வேளைக்கு மாத்திரையும் அவளே கவனிக்க வேண்டும்.

தென்காசி வட்டாரத்தில் மற்றொன்றும் சேர்ந்துகொள்கிறது. தென்காசி, கடையநல்லூர், கடையம், ஆலங்குளம் ஆகிய ஊர்களையொட்டிய கிராமங்களில் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு ஜீவனம் பீடி சுற்றுவது. வீட்டைவிட்டு வெளியே போக முடியாத தாய்க்கு இதைவிட்டால் வேறு தொழில் அருமை. மடியில் சுளகு, பக்கத்தில் பிள்ளை. குனிந்த தலை நிமிர்வதற்கு எண்ணிக்கை முடிய வேண்டும். பிள்ளையைத் தூக்கித் தேய்ந்த முதுகு, சுளகின்மேல் குனிந்து மேலும் தேய்கிறது. புகையிலைத் தூள் அவள் மூச்சில் ஏறுகிறது; பக்கத்தில் படுத்திருக்கும் பிள்ளையின் மூச்சிலும் ஏறுகிறது. பிள்ளைக்கு உடம்பு சரியில்லாத வாரத்தில் எண்ணிக்கை குறைகிறது. எண்ணிக்கை குறைந்தால் கூலி குறைகிறது. அந்த வாரத்தில்தான் மருந்துச் செலவு அதிகம்.

இந்தத் தேசத்துப் பெண்களின் பொழுது எப்படிக் கழிகிறதென்று மத்திய சர்க்கார் 2019-ஆம் ஆண்டில் ஒரு கணக்கெடுத்தார்கள். வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் கூலியின்றி அதற்காக நாளொன்றுக்கு 299 நிமிஷம் செலவிடுகிறார்கள். ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 97 நிமிஷம். பிள்ளைகளையும் நோயாளிகளையும் முதியோரையும் பேணுவதில் ஈடுபடும் பெண்களுக்கு 134 நிமிஷமும் ஆண்களுக்கு 76 நிமிஷமும் ஆகின்றன. இவை எல்லாக் குடும்பங்களையும் சேர்த்த சராசரி. படுக்கையை விட்டு எழ மாட்டாத பிள்ளையுள்ள வீட்டில் இந்தக் கணக்கு எங்கே போய் நிற்குமென்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் 15 வயது முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவிகிதத்தினர் இரத்த சோகையுள்ளவர்கள் என்று 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்லுகிறது. இரத்தமில்லாத உடம்பைக் கொண்டுதான் இந்தச் சுமையைச் சுமக்கச் சொல்லுகிறோம்.

தள்ளிப்போடும் வைத்தியம்

இத்தகைய தாய்மார்களின் வியாதிகளில் பெரும்பாலானவை தீராத வியாதிகள் அல்ல, தள்ளிப்போடப்பட்டவை. கருப்பை இறங்கியவளுக்கோ குடலிறக்கம் உள்ளவளுக்கோ அறுவைச் சிகிச்சை வேண்டுமென்று வைத்தியர் சொல்லுகிறார். செய்தபின் பல வாரங்களுக்குக் கனமான எதையும் தூக்கலாகாது என்றும் எச்சரிக்கிறார். முப்பது கிலோ எடையுள்ள மகனை அவ்வளவு நாளும் யார் தூக்குவது? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமையால் அவள் வீட்டுக்குத் திரும்புகிறாள். சர்க்கார் ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசந்தான். அதைப் பெற்றுக்கொள்ள வேண்டிய அவகாசம் மட்டும் இலவசமாகக் கிடைப்பதில்லை.

மனச்சோர்வு இதைவிடக் கொடியது, வெளியே தெரியாதது. பிள்ளைகளில் ஒருவனுக்கே பொழுதெல்லாம் போவதால் மற்றப் பிள்ளைகளுக்குத் தான் துரோகம் செய்வதாக அவள் எண்ணுகிறாள். மூத்த பெண் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டுத் தாய்க்கு ஒத்தாசையாக நின்றுவிடுவதும் உண்டு. கல்யாண வீடுகளுக்கு அவள் போவது நின்றுவிடுகிறது. போனால் பிள்ளையைப் பற்றிய கேள்வி, போகாவிட்டால் கர்வி என்ற பெயர். உறக்கம் கெட்டு, பசி கெட்டு, அழுகை அடங்காமல் வாரக்கணக்கில் இருப்பது சிகிச்சை செய்ய வேண்டிய நோய் என்பதை அவளும் அறியாள். அவளைச் சேர்ந்தவர்களும் அறியார்கள்.

இதற்குமேல் பழியும் அவளுக்கே. 'கிரகணத்தில் வெளியே வந்தாய்', 'ஏதோ சாபம்', 'உன் வயிறு அப்படி' என்று சொல்லாத வீடு எத்தனை? சாட்சியமின்றிக் குற்றஞ்சாட்டுவதை நியாயஸ்தலம் ஒப்புக்கொள்ளாது. வீட்டுக் கூடத்தில் மட்டும் அந்த விதி செல்லுபடியாவதில்லை. நெருங்கிய உறவில் கல்யாணம் செய்வதனால் சில பரம்பரைக் குறைகளுக்கு ஏது அதிகமாகிறதென்பது உண்மை. ஆனால் அந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்தவர்கள் பெரியவர்கள். அதில் பங்குள்ளவர் புருஷன், மனைவி இருவரும். தசைச் சிதைவு நோய்களில் டூஷென் என்னும் வகை பெரும்பாலும் தாய்வழியே மகனுக்கு வருவது. அதிலும் தாயிடம் இல்லாமலேயே பிள்ளையிடம் புதிதாகத் தோன்றுவதும் கணிசமாக உண்டு. அப்படி வழிவழி வந்ததாயின், அதன் வித்தைத் தன் உடம்பில் தாங்கும் தாய்மார் சிலருக்கு இருதயத் தசையும் பலவீனமடையலாம். ஆகவே அவர்களும் இருதயத்தைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டுமென்பது வைத்திய நிபுணர்களின் யோசனை. பழி சொல்லத் தாயை நினைத்தவர்களில் எத்தனை பேர் அவளை இருதய வைத்தியரிடம் அழைத்துப் போனார்கள்?

சட்டம் அவளை எப்படிப் பார்க்கிறது?

உடற்குறையுள்ளோரின் உரிமைகளைப் பற்றி இந்தியாவில் 1995-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் பிறந்தது. மூளை முடக்குவாதம், ஆட்டிசம், அறிவுத்திறன் குறைவு, பல்வகைக் குறைகள் ஆகியவை உள்ளவர்களின் நலனுக்கென்று 1999-ஆம் ஆண்டில் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. பிறகு 2016-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. குறைகளின் வகைகள் 21 ஆயின. 6 வயது முதல் 18 வயது வரை, குறிப்பிட்ட அளவு குறையுள்ள பிள்ளைக்கு இலவசக் கல்வி உரிமையாயிற்று. இவை சிறிய காரியங்கள் அல்ல. பாராட்டுகிறோம்.

இந்தச் சட்டங்களில் தாய்க்கு இடம் எங்கே? ரயில் சலுகையில் அவள் 'துணையாள்'. டவுன் பஸ்ஸில் அவள் 'உதவியாளர்'. ஆஸ்பத்திரியில் 'கூட வந்தவர்'. ஊனத்தின் அளவை நிர்ணயிக்கும் முகாமில் பிள்ளையைப் பிடித்துக்கொண்டிருப்பவர். வழக்கு முழுவதும் அவளைச் சுற்றியே நடக்கிறது. கட்சிக்காரர் பட்டியலில் அவள் பெயர் இல்லை.

2016-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு படி முன்னே சென்றது என்பதையும் சொல்ல வேண்டும். கூலி பெற்றோ பெறாமலோ குறையுள்ள ஒருவரைப் பேணுகிறவர், பெற்றோரும் குடும்பத்தாரும் உட்பட, 'பராமரிப்பாளர்' ஆவார் என்று அதன் 2-ஆம் பிரிவு விளக்கம் தருகிறது. மிகுந்த உதவி தேவைப்படுகிறவர்களுக்குப் பராமரிப்பாளர் படி வழங்கும் திட்டத்தை 24-ஆம் பிரிவு குறிப்பிடுகிறது. ஆயின் அந்தப் பிரிவு தொடங்கும்போதே, சர்க்காரின் பொருளாதாரச் சக்திக்கும் வளர்ச்சிக்கும் உட்பட்டு என்று ஒரு வேலி போடப்பட்டிருக்கிறது. சட்டத் தொழில் செய்கிறவர்களுக்கு இத்தகைய வேலிகளின் உயரம் நன்றாகத் தெரியும். கொடுப்பவர் மனம் வைத்தால் தாண்டலாம். மனமில்லாவிட்டால் அதுவே மதில்.

தமிழ்நாட்டில் கடுமையான குறையுள்ளவர்களுக்கும் அறிவுத்திறன் குறைந்தவர்களுக்கும் தசைச் சிதைவுள்ளவர்களுக்கும் மாதாந்தரப் பராமரிப்புத் தொகை உண்டு. அது 2023-ஆம் ஆண்டு முதல் 2000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' திட்டத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்புறுதி உண்டு. இரண்டும் பிள்ளைக்கு. அவசியமானவையே. பிள்ளையின் மருந்துக்கும் துணிக்கும் பஸ் சத்தத்துக்கும் அவை கரைந்துபோகும். தாய் தன் வேலையை விட்டதற்கும் தன் உடம்பை இழந்ததற்கும் அந்தக் கணக்கில் ஒரு வரியும் கிடையாது.

ஒரு கல்லூரி ஆசிரியையின் வழக்கு

2024-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 22-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு பிறப்பித்த ஓர் உத்தரவைத் தமிழ்நாட்டுத் தாய்மார் யாவரும் தெரிந்துகொள்ள வேண்டும். இமாசலப் பிரதேசத்தில் ஒரு சர்க்கார் கல்லூரியில் பூகோளம் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர். அவருடைய மகனுக்குப் பிறவியிலேயே எலும்புகள் எளிதில் முறியும் நோய். அறுவைச் சிகிச்சைகளுக்கும் கவனிப்புக்குமாக அவருடைய விடுமுறையெல்லாம் தீர்ந்துவிட்டது. மத்திய சர்க்கார் ஊழியர்களான பெண்களுக்குப் பிள்ளை பராமரிப்புக்கென்று பணிக்காலத்தில் 730 நாள் விடுமுறை உண்டு. பிள்ளைக்கு 18 வயது என்ற வரம்பும் உடற்குறையுள்ள பிள்ளையின் விஷயத்தில் கிடையாது. இமாசல சர்க்கார் அந்த விதியை ஏற்றுக்கொள்ளவில்லை என்ற காரணத்தினால் அவருக்கு விடுமுறை மறுக்கப்பட்டது. ஹைக்கோர்ட்டிலும் அவருக்கு வெற்றி கிட்டவில்லை.

சுப்ரீம் கோர்ட்டில் பிரதம நீதிபதி சந்திரசூடும் நீதிபதி பர்திவாலாவும் வழக்கை விசாரித்தார்கள். பெண்கள் உத்தியோகம் பார்ப்பது யாரோ இடும் சலுகையன்று, அரசியல் சாசனம் அளித்த உரிமை. அந்த உரிமை காக்கப்பட வேண்டுமானால் பிள்ளை பராமரிப்பு விடுமுறை அவசியம். அதை மறுத்தால் தாய் வேலையையே துறக்க நேரும். உடற்குறையுள்ள பிள்ளையின் தாய்க்கு இது பன்மடங்கு பொருந்தும் என்பது அவர்கள் எடுத்துரைத்த கருத்தின் சாரம். ஒரு கமிட்டி அமைத்து விதியை மறுபரிசீலனை செய்யும்படி மாகாண சர்க்காருக்கு உத்தரவிட்டார்கள்.

இந்தத் தீர்ப்பை மனமார வரவேற்கிறோம். ஆனால் அதைப் படித்து முடித்தவுடன் ஒரு கேள்வி எழுகிறது. கல்லூரி ஆசிரியைக்கு விடுமுறை உண்டு. ஏனெனில் அவருக்கு உத்தியோகம் உண்டு. கடையத்தில் பீடி சுற்றுகிறவள் யாரிடம் விடுமுறை கேட்பாள்? வீட்டிலிருந்து பீடி சுற்றும் பெண்ணும் தொழிலாளியே என்று 1966-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் ஒப்புக்கொண்டது. தொழிலாளி என்ற பெயர் கிடைத்தது. உடம்புக்கு முடியாத நாளில் கூலியோடு படுத்துக்கொள்ளும் உரிமை கைக்கு வந்து சேரவில்லை. எந்த வேலையும் செய்ய முடியாமல் பிள்ளையோடு வீட்டில் அடைபட்டவளுக்கோ தொழிலாளி என்ற பெயரும் இல்லை.

பிற நாடுகளிலும் மலைக்கு அப்பாலும்

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய கேள்வி அல்ல. பிரிட்டனில் கடும் குறையுள்ள உறவினரைப் பேணுவதற்காக வேலையை விட்டவர்களுக்கு 1976-ஆம் ஆண்டில் ஒரு வாராந்தரப் படி ஏற்பட்டது. ஆனால் கல்யாணமான பெண்களுக்கு அது இல்லையென்று விதித்தார்கள். மனைவி எப்படியும் வீட்டில் இருப்பவள்தானே என்பது அதன் தாத்பரியம்! தன் தாயைப் பேணுவதற்காக 1984-ஆம் ஆண்டில் வேலையை விட்ட டிரேக் என்ற மாது இந்த விதியை எதிர்த்து ஐரோப்பிய நீதிமன்றம் வரை சென்றார். 1986-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அவர் பக்கம் தீர்ப்பாயிற்று. ஒரு தனிப்பெண் தொடுத்த வழக்கினால் கல்யாணமான பெண்கள் பலருக்கு வழி திறந்தது.

லண்டனில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் காரியதரிசியாக இருந்த கோல்மன் என்ற மாதின் வழக்கு மற்றொன்று. அவருடைய குழந்தைக்கு மூச்சு விடுவதில் பிறவிக் கோளாறு. குழந்தையை முன்னிட்டுத் தம்மை அலுவலகத்தில் இழிவாக நடத்தினார்கள் என்பது அவர் முறையீடு. குறையுள்ளவர் குழந்தையேயன்றித் தாயல்ல, அவளுக்கு என்ன பாதுகாப்பு என்பதே சட்டப் பிரச்னை. பிள்ளையின் குறையை வைத்துத் தாயை இழிவாக நடத்துவதும் சட்ட விரோதமான பாகுபாடே என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2008-ஆம் ஆண்டு ஜூலை மாதம் முடிவு கூறியது. பிள்ளையின் பாரத்தில் தாயும் பங்காளி, ஆகையால் பாதுகாப்பிலும் பங்காளி என்ற தத்துவம் அதனால் நிலைபெற்றது.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டியதில்லை. செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவுக் கணவாயில் ஏறி இறங்கினால் கேரளம். 1956-ஆம் ஆண்டு வரையில் செங்கோட்டையே அந்தப் பக்கத்துத் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது. அந்தக் கேரளத்தில் 'ஆசுவாச கிரணம்' என்ற பெயரில், படுக்கையிலிருப்போரையும் கடும் குறையுள்ளோரையும் முழுநேரமும் பேணுகிற குடும்பத்தாருக்கு மாதம் 600 ரூபாய் அளிக்கும் திட்டம் வகுத்தார்கள். தொகை சொற்பம். ஆனால் அது பேணுகிறவரின் பெயருக்கே வகுக்கப்பட்டதென்பதைக் கவனிக்க வேண்டும். பிள்ளைக்கு உரியது பிள்ளைக்கு. தாய்க்கு உரியது தாய்க்கு. இந்தப் பாகுபாட்டை ஒப்புக்கொள்வதே முதற்படி.

ஆய்குடி காட்டிய வழி

தென்காசிக்கு அருகிலுள்ள ஆய்குடியைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரை நிறைவு பெறாது. அவ்வூரைச் சேர்ந்த ராமகிருஷ்ணன், இன்ஜினீயரிங் மாணவராக இருந்தபோது, 1975-ஆம் ஆண்டில் கடற்படை உத்தியோகத் தேர்வின் சோதனை ஒன்றில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். அவருக்குச் சிகிச்சை செய்து தைரியமூட்டிய விமானப்படை வைத்தியர் அமர்ஜித் சிங் சாகலின் பெயரால், சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டாகிய 1981-இல் அமர் சேவா சங்கத்தை அவர் தொடங்கினார். தசைச் சிதைவு நோயுள்ள கணக்குத் தணிக்கையாளர் சங்கரராமன் பின்னர் அதில் வந்து சேர்ந்தார். ராமகிருஷ்ணனுக்கு 2020-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

அந்தச் சங்கத்தின் வேலைமுறையில் நம் விஷயத்துக்கு முக்கியமானது, தாயைத் தேடிச் சிகிச்சை போவது. அந்தந்தக் கிராமத்துப் பெண்களையே பயிற்றுவித்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். குழந்தைப் பருவத்திலேயே குறையைக் கண்டுபிடித்து, எப்படித் தூக்குவது, எப்படி உட்காரவைப்பது, எப்படி ஊட்டுவது என்று வீட்டாருக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். பிள்ளையைத் தூக்கும் முறையை அறிந்த தாயின் முதுகு சில வருஷமேனும் அதிகம் தாங்கும். தாயே தேடிப் போகவேண்டிய வைத்தியத்துக்கும் தாயைத் தேடி வரும் வைத்தியத்துக்கும் உள்ள வித்தியாசம், ஒரு நாள் கூலியும் ஒரு நாள் முதுகுவலியும் ஆகும்.

தாய்மார்களே முன்னின்று செய்த காரியங்களும் நம் நாட்டில் உண்டு. மூளை முடக்குவாதமுள்ள மகளின் பொருட்டு மிட்டு ஆலூர் 1972-ஆம் ஆண்டில் பம்பாயில் ஒரு ஸ்தாபனத்தைக் கண்டார். அதே குறையுள்ள மகனின் தாயான பூனம் நடராஜன் 1985-ஆம் ஆண்டில் சென்னையில் வித்யாசாகர் என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கினார். பிற்காலத்தில் தேசிய அறக்கட்டளைக்கே தலைமை வகித்தார். இவர்கள் போற்றத்தக்கவர்கள். ஆயினும் ஒவ்வொரு தாயும் ஒரு ஸ்தாபனம் கண்டால்தான் அவள் பிள்ளைக்கு விமோசனம் என்பது ஒரு தேசத்துக்குப் பெருமையாகாது.

இரண்டு ஆட்சேபங்கள்

தாயன்புக்குக் கூலி பேசுவதா என்று சிலர் கேட்கலாம். அன்புக்குக் கூலி வேண்டுமென்று எந்தத் தாயும் கேட்கவில்லை. போர்வீரனுக்குச் சம்பளம் கொடுப்பதனால் அவனுடைய தேசபக்தி குறைந்துவிடுவதில்லை. வீட்டில் பெண்கள் கூலியின்றிச் செய்யும் வேலைக்கு மதிப்புண்டு என்ற கொள்கையின்மேல் 2023-ஆம் ஆண்டில் இந்த ராஜ்யத்தில் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியது. அந்தக் கொள்கை மெய்யானால், முழுநேரமும் பிள்ளையைப் பேணுகிறவளுக்கு அது இன்னும் அதிகமாகப் பொருந்த வேண்டும்.

பொக்கிஷம் தாங்குமா என்று வேறு சிலர் கேட்பார்கள். தாய் படுத்துவிட்டால் வரும் செலவை அவர்கள் கணக்கிட்டிருக்கிறார்களா? அப்பொழுது பிள்ளை ஒரு விடுதிக்குப் போக வேண்டும். தாய் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூத்த பெண் படிப்பை விட வேண்டும். தந்தை வேலைக்கு லீவு போட வேண்டும். ஒரு முதுகெலும்பு ஒடிவதனால் ஒரு குடும்பமே உட்கார்ந்துவிடுகிறது. அணை உடைந்தபின் ஆகும் செலவுக்கு அஞ்சி மதகைச் செப்பனிடுகிறவனே புத்திசாலி.

செய்ய வேண்டியவை

முதலாவது, பராமரிப்பாளர் படியைத் தாயின் பெயரால், பிள்ளையின் தொகைக்கு மேற்பட்டதாக, தாமதமின்றி மாதாமாதம் கிடைக்கச் செய்ய வேண்டும். 24-ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது.

இரண்டாவது, தாய்க்கு ஓய்வு வேண்டும். ஒவ்வொரு தாலுகாவிலும் சில வாரங்கள் பிள்ளையை நம்பி ஒப்படைக்கக்கூடிய ஓர் இல்லம் இருக்குமானால், தள்ளிப்போட்ட அறுவைச் சிகிச்சைகள் பல நடந்தேறும். பகலில் சில மணி நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் நிலையமும் அவ்வாறே அவசியம்.

மூன்றாவது, பிள்ளையைப் பரிசோதிக்கும் நாளில் தாயையும் பரிசோதிக்க வேண்டும். பிறவிக் குறைகளையும் வளர்ச்சிக் குறைகளையும் கண்டறிய 2013-ஆம் ஆண்டில் மத்திய சர்க்கார் தேசியக் குழந்தை நலத் திட்டத்தைத் தொடங்கினார்கள். அதன்படி ஜில்லா தோறும் ஆரம்ப இடையீட்டு நிலையம் அமைக்கவும் வகை செய்தார்கள். 2021-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்தது. பிள்ளைக்கு உடற்பயிற்சிச் சிகிச்சை அளிக்க வருகிறவர், தாயின் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்து, முதுகையும் உறக்கத்தையும் விசாரித்துச் செல்வதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்?

நான்காவது, 2019-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் தென்காசி தனி ஜில்லாவானதால் கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் வந்துவிட்டது. அந்த அனுகூலம் வீட்டு வாசல் வரை வர வேண்டும். எழ முடியாத பிள்ளையை முகாமுக்குத் தூக்கி வரும்படி சொல்லாமல், முகாம் அந்தப் பிள்ளையிடம் போக வேண்டும். குற்றாலத்திலும் சக்கர நாற்காலி செல்லத்தக்க சரிவுப் பாதையும், பிடித்து நிற்கக் கம்பிகளும், வளர்ந்த பிள்ளைக்குத் துணி மாற்ற மறைவான அறையும் அமைப்பது பெரிய காரியமல்ல. அருவி வியாதியைத் தீர்க்காவிட்டாலும் அந்தப் பிள்ளைக்கும் சந்தோஷம் உண்டு. அதை அனுபவிக்க உரிமையும் உண்டு.

சர்க்கார் செய்யக் காத்திராமல் குடும்பத்தார் செய்ய வேண்டியதும் உண்டு. இரவில் ஒரு முறை பிள்ளையைப் புரட்டிப் படுக்கவைக்கத் தந்தைக்குத் தெரிய வேண்டும். ஒரு வேளை ஊட்டச் சித்தப்பனுக்கும் அத்தைக்கும் தெரிய வேண்டும். தாய் ஒருத்திக்கே தெரிந்த வித்தையாக அது இருக்கும்வரை அவளுக்கு விடுதலை இல்லை. தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை: உங்கள் உடம்பைக் கவனிப்பது பிள்ளைக்குச் செய்யும் துரோகம் அல்ல. உங்கள் மருந்தும் பிள்ளையின் மருந்தைப் போலவே அந்த வீட்டின் அவசியச் செலவு.

இத்தகைய தாய்மார்களின் நெஞ்சில் அல்லும் பகலும் இருப்பது ஒரே கேள்வி: 'எனக்குப் பிறகு இவனுக்கு யார்?' பதினெட்டு வயதுக்குப் பின் தானே தன் காரியங்களைப் பார்த்துக்கொள்ள இயலாதவர்க்குச் சட்டபூர்வமான காப்பாளரை நியமிக்க, தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் ஜில்லா தோறும் கமிட்டி உண்டு. பெற்றோர் அதற்கு மனுச் செய்யலாம். வயது வந்தவுடன் செய்துகொள்வது நலம். ஆனால் காகிதத்தில் ஒரு காப்பாளர் பெயரை எழுதிவிட்டால் அந்தக் கேள்வி தீர்ந்துவிடாது. பக்கத்து வீடும், ஊரும், ராஜாங்கமும் சேர்ந்து 'நாங்கள் இருக்கிறோம்' என்று செய்கையினால் சொன்னால்தான் தீரும். அதை அவள் கண்மூடிய பிறகு சொல்லிப் பயனில்லை. அவள் நடமாடும்போதே, அவள் முதுகு நிமிர்ந்திருக்கும்போதே சொல்ல வேண்டும்.